துரை வீட்டுத் தூண் கள்ளி

கிள்ளினால் பால் வரும், அது கள்ளி. கிள்ளினால் பால் வராது, அது துரை வீட்டுச் செடி. பஞ்சாபகேசன் வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பிக்கு முன்னால் இந்தப் பாடம்தான் கிடைக்கும். பாடம் முடிவதற்குள் காப்பி ஆறிப்போகும். அதற்கும் ஷ்யாமளாவுக்குத்தான் திட்டு விழும்.

பம்பாய் மாதுங்காவில் அவர்கள் வீடும் எங்கள் வீடும் ஒரே மாடியில் அடுத்தடுத்து. இரண்டு பால்கனிக்கும் நடுவில் ஒரு மரத்தட்டி, அவ்வளவுதான். அந்த வீட்டில் பஞ்சாபகேசன், அவன் அம்மா அபயாம்பாள், அவன் பெண்டாட்டி ஷ்யாமளா, மூன்றே பேர். கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. குறை யாருக்கு என்று எந்த டாக்டரும் பார்த்துச் சொல்லவில்லை. அபயாம்பாள் மட்டும் முதல் வருஷமே தீர்மானம் பண்ணிவிட்டாள். நான் விசாலாக்ஷி, ரயில்வே குமாஸ்தாவின் பெண்டாட்டி. எனக்கு வாய் நீளம் என்று பில்டிங் முழுக்கச் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

யுத்தம் முடிந்த வருஷம் அது. ஐரோப்பாவில் சண்டை ஓய்ந்ததும் பஞ்சாபகேசனின் ஆபீஸ் துரை லீவு போட்டுச் சீமைக்குப் புறப்பட்டார். அவர் பங்களாவில் இருக்க வரும் இன்னொரு துரையிடம் நாய்கள் உண்டாம். அதனால் ஆசையாக வளர்த்த, நாங்கள் தூண் கள்ளி என்று சொல்கிற ஐந்து காக்டஸ் செடிகளையும் தொட்டியோடு பஞ்சாபகேசனிடம் ஒப்படைத்தார். டிசம்பரில் வருவேன், பத்திரமாக வைத்திரு, வந்ததும் உன் ஹெட் கிளார்க் விஷயத்தைப் பார்க்கலாம் என்று சொன்னாராம். இந்தக் கடைசி வார்த்தையை அவன் பால்கனியில் நின்று சொல்லாத நாள் கிடையாது.

ஐந்தும் நிமிர்ந்து நின்றன, கிளை கிடையாது, இலை கிடையாது. ஒன்று ஆள் உயரத்துக்கு நீலம் பாய்ந்த பச்சை. ஒன்றுக்கு உச்சியிலிருந்து அடிவரை வெள்ளை முடி, நரைத்த தாடி மாதிரி. வந்தவர்கள் எல்லோரும், இது நம்மூர் வேலிக் கள்ளிதானே என்பார்கள். உடனே அவனுக்கு முகம் சிவந்துவிடும். விளிம்பை எண்ணச் சொல்வான். ஆறு விளிம்பு இருந்தால் இன்ன ஜாதி, ஒன்பது இருந்தால் இன்ன ஜாதி. முள்ளைப் பார்க்கச் சொல்வான். கள்ளிக்கு முள் வெறும் தோலிலிருந்து இரண்டிரண்டாகக் கிளம்பும், இதற்கு ஒவ்வொரு முள் கொத்துக்கும் அடியில் ஒரு பஞ்சுப் பொட்டு இருக்கிறது பாருங்கள் என்பான். இருக்கத்தான் இருந்தது. நானும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். விஷயம் தெரியாதவன் என்று அவனைச் சொல்ல மாட்டேன்.

வளர்க்கிற சட்டங்கள் தனி. பாதிக்குப் பாதி ஆற்று மணலும் செங்கல் துண்டும் போட வேண்டும். தொட்டிக்கடியில் ஓட்டை அடைபடக் கூடாது. வாரத்துக்கு ஒரு தரம் தொட்டியைக் கால் சுற்றுத் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் வெயில் பக்கமாகச் சாயும். மழைக்காலம் முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது, பட்டால் அடித்தண்டு அழுகும். திருப்புவதும் விளிம்புக்கு நடுவே தூசி தட்டுவதும் ஷ்யாமளாவின் வேலை. விரலில் முள் ஏறி அவள் ஊசி தேடிக்கொண்டு நின்றால், இவன் ஓடிப்போய்ச் செடியில் எந்த இடத்தில் முள் உடைந்தது என்று பார்ப்பான். இதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அந்த ஐந்துக்கும் இடம் பண்ண, பால்கனியிலிருந்த துளசியைப் பெயர்த்துச் சமையலறை ஜன்னலில் ஒரு சின்னத் தொட்டிக்கு மாற்றினார்கள். மழை ஆரம்பித்ததும் சுவரோரமாக, சாரல் எட்டாத பாதியில், ஐந்து தொட்டிகளையும் வரிசையாக வைத்தான். மீதிப் பாதி கம்பிப் பக்கம். மாதத்தில் அந்த மூன்று நாள் ஷ்யாமளா உட்கார வேண்டிய இடமும் அந்தப் பால்கனிதான். பம்பாய் வீட்டில் கொல்லையா இருக்கிறது, கொட்டிலா இருக்கிறது? எங்கள் வீட்டிலும் அப்படித்தான், நான் ஒன்றும் சீர்திருத்தக்காரி இல்லை. ஆனால் பம்பாய் மழையில் கம்பியோரம் ஒரு பெண்ணை உட்கார வைத்து, தலையில் கோணிச் சாக்கைப் போட்டுவிட்டு, காய்ந்த இடத்தில் செடியை வைக்கிற வீட்டை அன்றுதான் பார்த்தேன். செடி நனையக் கூடாது, அவள் நனையலாம். அவள் நிழல்கூடச் செடிமேல் விழக் கூடாதென்று அபயாம்பாள் உள்ளேயிருந்து அடிக்கொருதரம் குரல் கொடுப்பாள். அந்தப் பெண்ணும் நகர்ந்து நகர்ந்து உட்காரும்.

ஆடி மாதம் முதல் செடி போயிற்று. வெள்ளை முடிக்காரன்தான். அடியில் பழுப்புப் பாய்ந்து, கை வைத்தால் அழுகின வாழைப்பழம் மாதிரி அமுங்கிற்று. மறுநாள் சாய்ந்தது. நாற்றம் எங்கள் வீடு வரை வந்தது. ஷ்யாமளா வெளியில் உட்கார்ந்திருந்த இரண்டாம் நாள் அது, அந்தப் பெண்ணின் போதாத காலம். தீட்டுப் பட்டால் துளசியே வாடும், சீமைச் செடி என்ன பண்ணும் என்று அபயாம்பாள் ஆரம்பித்தாள். லத்தீன் பெயரெல்லாம் மனப்பாடமாகச் சொல்கிற பிள்ளை, ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

அடுத்த மாதத்திலிருந்து அவளுக்குப் பால்கனியும் கிடையாது. மாடிப்படித் திருப்பத்தில், வருகிறவன் போகிறவன் காலடியில், தட்டும் சொம்புமாக உட்கார வைத்தார்கள். பால்காரன் அவளைத் தாண்டிக்கொண்டு ஏறினான். நான் பார்த்தேன், பொறுக்கவில்லை. கையைப் பிடித்து எழுப்பி எங்கள் பால்கனியில் கொண்டுவந்து உட்கார வைத்தேன். தொட்ட பாவத்துக்கு அப்புறம் குளித்துக்கொண்டேன், அது என் பாடு. என் கணவர், அடுத்தாத்து விஷயம் நமக்கெதற்கு என்று பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். அபயாம்பாளுக்கும் சனி விட்டது என்று தோன்றியிருக்க வேண்டும், தடுக்க வரவில்லை.

ஷ்யாமளா படியில் உட்கார்ந்திருந்தபோதே இரண்டாவது செடி அழுகத் தொடங்கிவிட்டது. இப்போது எந்தத் தீட்டைச் சொல்வார்கள் என்று பார்த்தேன். மற்ற நாளில் தொட்டிருக்கிறாளே, அவள் கையே அப்படி, வயிறும் விளங்கவில்லை கையும் விளங்கவில்லை என்று சொல்லிவிட்டாள் அபயாம்பாள். அன்று சாயங்காலம் பஞ்சாபகேசன் ஷ்யாமளாவைக் கூப்பிட்டு, துரை வருவதற்குள் ஐந்தும் போய்விட்டால் நீ நெம்மாறாவுக்கு ரயிலேற வேண்டியதுதான் என்றான். தட்டிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னானோ என்னவோ. நெம்மாறாவில் அவள் அப்பா இருந்தார், பென்ஷன் வாங்குகிற பள்ளிக்கூட வாத்தியார். அவளுக்குப் பின்னால் கல்யாணத்துக்கு இரண்டு தங்கைகள். வாழாமல் திரும்பி வந்த அக்கா வீட்டிலிருந்தால் அந்த இரண்டு பேர் கதியும் அதோகதிதான். கொல்லங்கோட்டில் ஒரு பெண் இருக்கிறது என்று அபயாம்பாள் ஏற்கெனவே பிள்ளை காதில் போட்டு வைத்திருந்தாள்.

இனி நான் சொல்லப் போவதை அந்த பில்டிங்கில் கண்ணுள்ள யாரும் பார்த்திருக்கலாம். பஞ்சாபகேசன் தினமும் காலையில் குளித்து சாளக்ராமத்துக்குப் பூஜை பண்ணுகிறவன். அபிஷேகம் பண்ணின தீர்த்தத்தில் மூன்று உத்தரணி அவன் வாய்க்குள் போகும். மீதியைக் கால்படுகிற இடத்தில் கொட்டக் கூடாது, செடியில்தான் விட வேண்டும். துளசி பால்கனியில் இருந்தவரைக்கும் துளசிக்கு விட்டான். துளசி ஜன்னலுக்குப் போனதும், பழகின கால் பழகின இடத்துக்கு நடந்தது. கிண்ணத்தோடு பால்கனிக்கு வந்து, எதிரே இருக்கிற தொட்டியில் ஊற்றினான். ஒன்றுக்குக் கொடுத்து ஒன்றுக்குக் கொடுக்காமல் விடக் கூடாதென்று நாளுக்கொரு தொட்டி முறை வேறு. ஞாயிற்றுக்கிழமை ருத்ரம் சொல்லிப் பாலும் தேனும் இளநீரும் அபிஷேகம். அதெல்லாமும் அங்கேதான். பம்பாய் மழைக்காலத்தில், காற்றைப் பிழிந்தாலே தண்ணீர் சொட்டும். அந்த ஈரத்தில் இதுவும் சேர்ந்தால் எந்தச் செடி நிற்கும்? அழுகின செடியின் தலையை வெட்டிக் காயவைத்து நட்டால் பிழைக்கும் என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. நட்டான். நட்ட அன்றே நல்லபடியாக வரட்டுமென்று ஒரு கிண்ணம் தீர்த்தம் விட்டான். அதுவும் போயிற்று.

தட்டி வழியாக நேராகவே கேட்டேன். "ஒரு சொட்டு ஜலம் படக்கூடாதுன்னு ஊருக்கெல்லாம் பாடம் சொல்றே. தெனம் ஒரு கிண்ணம் நீயே கொட்றயே பஞ்சாபகேசா, அது என்ன?"

அவன் என்னைப் பார்த்த பார்வை, பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி இருந்தது. "அது ஜலம் இல்லை மாமி, தீர்த்தம்" என்றான்.

ஷ்யாமளாவிடம் கேட்டேன், உனக்கு இது தெரியாதா, நீ வாயைத் திறந்து சொன்னால் என்ன என்று. "சொன்னேன் மாமி. பகவானோட தீர்த்தத்துல செடி அழுகும்னு சொல்ற வாயான்னு அம்மா கேட்டா. அவர் எழுந்து வந்து அடிச்சார்" என்றாள். விபூதி இட்ட கையால் அடித்திருக்கிறான்.

மூன்றாவதாகப் போனது அந்த ஆள் உயர நீலம். இந்தத் தடவை அபயாம்பாள் தலையை வெட்டி நடக்கூட விடவில்லை. தீட்டுப் பட்டது ஆத்தில் இருக்கக் கூடாதென்று, இரண்டு வீட்டுக்கும் பாத்திரம் தேய்க்கிற முருகம்மாளைக் கூப்பிட்டு, போகிற வழியில் குப்பைத் தொட்டியில் போடு என்றாள். முருகம்மாள் தாராவியிலிருந்து வருகிறவள். சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது மேல்முனை பச்சையாகத் தெரிந்தது. இங்கே கொண்டா என்று வாங்கிக்கொண்டேன். அவள் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. எந்த வீட்டில் என்ன நடக்கிறதென்று அவளுக்குத் தெரியாதா?

என் எண்ணம் இதுதான். இது எங்கள் பால்கனியில் பிழைக்க வேண்டும். ஷ்யாமளா கையாலேயே பிழைக்க வேண்டும். பிழைத்ததும் அவர்கள் கண்ணுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்து, இப்போது சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும். ஷ்யாமளா முதலில் பயந்தாள். மாமியார் தூங்குகிற மத்தியான நேரமாகப் பார்த்து வருவாள். அரிவாள்மனையில் அடியிலிருந்து வில்லை வில்லையாக அரிந்துகொண்டே போனாள், உள்ளே பழுப்பு வளையம் தெரியாமல் சுத்த வெள்ளையாக வரும்வரைக்கும். மிஞ்சினது ஒரு முழம். வெட்டின வாயில் அடுப்புச் சாம்பலைத் தடவி அலமாரித் தட்டில் நிறுத்தி வைத்தோம். வாய் காய்ந்து குதிகால் தோல் மாதிரி இறுகின பிறகு மணலும் செங்கல் துண்டும் போட்டு நட்டாள், ஒரு குச்சியும் கட்டினாள். தண்ணீர் மூச்சே கிடையாது. தட்டி வழியாகத் தெரியாமலிருக்கக் கொடியில் எப்போதும் என் புடவை ஒன்று தொங்கும்.

அந்த மூன்று நாள் அவள் எங்கள் பால்கனிக்கு வந்தபோது செடியைப் பார்த்ததும் மூலையில் ஒடுங்கிக்கொண்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தொடு, நன்றாகத் தொடு, இன்றைக்குத்தான் தொட வேண்டும் என்றேன். ஒரு விரலால் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். மறுநாள் போய்ப் பார்க்கிறேன், அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து பஞ்சுப் பொட்டிலிருந்த தூசியை ஊதிக்கொண்டிருக்கிறாள். ஆறு வருஷத்தில் அந்தப் பெண் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

நவராத்திரி கழிந்து வானம் வெளுத்ததும் லேசாக அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை, வேர் பிடித்துவிட்டது. அப்போதுதான் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டாள். தீபாவளிக்குள் உச்சியில் புதுசாக நீலம் துளிர்த்து, தேன் நிறத்தில் இளமுள் கிளம்பிற்று. அதற்குள் அடுத்த வீட்டில் மிச்சமிருந்த இரண்டும் போய்விட்டன. துரை செடியைக் கேட்டால் என்ன சொல்வதென்று பஞ்சாபகேசன் இளைத்தே போனான். அந்த ஆத்திரமெல்லாம் யார் தலையில் இறங்கிற்று என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கொல்லங்கோட்டிலிருந்து ஜாதகம் வந்து, பொருத்தமும் பார்த்தாகிவிட்டது. கார்த்திகைக்கு முன்னால் ஊருக்குப் போகிற யாரோ உறவுக்காரர் துணையோடு ஷ்யாமளாவை அனுப்புவதாக ஏற்பாடு.

இதற்கு மேல் பொறுக்கக் கூடாதென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பஞ்சாபகேசனை எங்கள் பால்கனிக்குக் கூப்பிட்டேன். கொடியிலிருந்த புடவையை இழுத்தேன். அவன் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டான். விளிம்பை எண்ணினான். பஞ்சுப் பொட்டைப் பார்த்தான். அடித்தண்டை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தான், கல்லாக இருந்தது. துரையோட செடிதான் என்று சொல்லும்போது அவனுக்குக் கண்ணில் ஜலம் வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். நட்டது யார், தொட்டது யார், எந்த நாளில் தொட்டாள், ஒன்றையும் மறைக்கவில்லை. அவன் பின்னாலேயே வந்த ஷ்யாமளா எங்கள் சமையலறை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

பேச்சுக்குரல் கேட்டு அபயாம்பாள் வந்தாள். செடியைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். "எங்காத்துல அஞ்சும் அழுகித்து. உங்காத்துக்கு வந்தது பொழைச்சுடுத்து. உன் கைராசி விசாலம். எதனாலே போச்சுன்னு இதுக்கு மேல ஒரு சாட்சி வேணுமா?"

வாய் நீளம் என்று பேர் வாங்கினவளுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. நான் எதை மறுப்பதற்காக மூன்று மாதம் ஒளித்து வளர்த்தேனோ, அதையே என் கையிலிருந்து பிடுங்கி எனக்கு எதிராகவே நிறுத்திவிட்டாள். பஞ்சாபகேசன் அம்மாவைப் பார்த்தான். பாரம் இறங்கின முகம் அது. குனிந்து தொட்டியைத் தூக்கினான். தொட்டி கனம். ஷ்யாமளா பழக்க தோஷத்தில் ஓடிவந்து அடியில் கை கொடுத்தாள். தொடாதே என்றான். கத்தவில்லை, குழந்தை தூங்குகிற வீட்டில் பேசுவதுபோல மெதுவாகத்தான் சொன்னான்.

மறுநாள் காலையில் நான் தட்டியோரம் காத்துக்கொண்டிருந்தேன். பூஜை முடித்துக் கிண்ணத்தோடு வந்தான். தொட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திரும்பி உள்ளே போய் ஜன்னல் துளசியில் ஊற்றினான். பாவி, நம்பிவிட்டான். நான் சொன்னது அத்தனையும் நம்பிவிட்டான். நான் கூப்பிட்டு, அப்போது அந்தப் பெண்ணை எதற்கடா அனுப்புகிறாய் என்று கேட்டேன். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "கொல்லங்கோட்டுக்கு வாக்குக் குடுத்தாச்சு மாமி. அம்மா பேச்சை இனிமே எப்படி மாத்தறது?"

இவன் கையில் ஒரு செடியைக் கொடுத்தேனே என்று என்னை நானே அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. அவனுக்கு ஹெட் கிளார்க் வேலை கிடைத்தது. துரை வந்ததும் ஒன்றாவது பிழைத்ததே என்று கையைக் குலுக்கினாராம். மீதி நாலும் பெண்டாட்டியின் அஜாக்கிரதையால் போயிற்று, அவளை ஊருக்கே அனுப்பிவிட்டேன் என்று இவன் சொன்னானாம், அதற்குத் துரை, ‘பாவம்’ என்றாராம். தையில் கல்யாணமும் ஆயிற்று. எங்களுக்கும் பத்திரிகை வந்தது, நான் பிரிக்காமலே அடுப்பில் போட்டேன்.

இதற்கெல்லாம் முன்னால், ஷ்யாமளா புறப்பட்ட அன்று வாசலில் நான் நின்றேன். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கை. தாதரில் ரயிலேற்றிவிட அந்த உறவுக்காரர் கீழே விக்டோரியா குதிரை வண்டியோடு காத்திருந்தார். பஞ்சாபகேசன் ஆபீசுக்குப் போய்விட்டான். அவள் மாமியாரை நமஸ்கரித்து எழுந்ததும் அபயாம்பாள் ஒரு தட்டை நீட்டினாள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு ரவிக்கைத் துண்டு. ஆறு வருஷமாக அந்த வீட்டுக்கு வந்துபோகிற சுமங்கலிகளுக்கெல்லாம் இதே தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தவள் ஷ்யாமளா. அன்று அவளை வந்துபோகிறவளாக நிற்க வைத்துக் கொடுத்தார்கள். அவள் முந்தானையை ஏந்தி வாங்கிக்கொண்டாள்.

படி வரைக்கும் கூடப் போனேன். அழுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன், அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அதை அழுக விட்டிருக்கணும் மாமி" என்றாள். முந்தானையில் தாம்பூலத்தை முடிந்துகொண்டு, வழுக்கும் என்று பயந்தவள்போல ஒவ்வொரு படியாகப் பார்த்து இறங்கிப் போனாள்.